பதினேழாவது படம்

ஜனவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டாய் என்று தெரியும். எண்ணையே மாற்றிவிட்டாய் என்று பெரியம்மா சொன்னார். அதனால்தான் தபால். நீ வேலை செய்யும் கால்நடைக் கல்லூரியின் முகவரிக்கே போடுகிறேன். அங்கே படம் வரைகிற ஆள் ஒருவர்தான் இருப்பார், எப்படியும் கைக்கு வந்துவிடும்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எங்கள் ஓவியப் பள்ளியில் மாணவர்களுக்காக ஒரு பயிற்சிப் புத்தகம் போடுகிறார்கள். நிலக்காட்சிக்குள் மனிதர்களையும் விலங்குகளையும் எப்படி வைப்பது என்பதுதான் பாடம். இருபத்திரண்டு படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்க விளக்கம். என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மரம், தண்ணீர், பாதை, தூரத்து ஆட்கள் எல்லாம் வந்துவிட்டது. மாடுதான் வரவில்லை. பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், இன்னும் நான் நிறுத்துகிற மாடு மேஜை மாதிரிதான் நிற்கிறது. சின்ன வயதிலிருந்தே நம் வீட்டில் மரம் என் பாகம், மாடு உன் பாகம். அந்தப் பழக்கத்தில் நான் கற்றுக்கொள்ளவே இல்லை.

ஆறு படங்கள் இதில் வைத்திருக்கிறேன். எல்லாம் மூலப் படங்கள், நகல் இல்லை. மேலே மெல்லிய தாள் வைத்து நீ திருத்திக் கொடுத்தால் போதும். அட்டையில் உன் பெயரும் வரும்.

அம்மாவுக்கு ஆபரேஷன் செய்த கண் நன்றாகத் தெரிகிறது. என்னோடுதான் இருக்கிறாள். பழைய விஷயம் எதையும் இதில் கலக்க வேண்டாம். நானும் கலக்க மாட்டேன். அப்பா போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது.

அன்புடன்,
அண்ணன்


ஜனவரி 21

அண்ணாவுக்கு,

கவர் வந்து நாலு நாள் மேஜை மேலயே கிடந்தது. பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் அக்கா, "பிரிக்கலைன்னா குடும்மா, நான் பிரிச்சுப் படிக்கிறேன்"னு சொன்ன பிறகுதான் பிரிச்சேன்.

ஆறுல நாலைத் திருத்தி, ஆறையும் இதோட அனுப்பியிருக்கேன். மூணாவது படத்துல ஆட்டுக்குப் பின்னங்கால் முன்பக்கமா மடங்குது. பாவம், அது அந்தக் காலை வச்சுக்கிட்டு எந்த ஊருக்குப் போகும்? நீ முழங்கால்னு நினைச்சு வரையிறது முழங்காலே இல்லை, அது கணுக்கால். நிஜமான முழங்கால் மேலே வயித்தோட ஒட்டி இருக்கு. அஞ்சாவது படத்துல மாடு எழுந்திருக்குது, ஆனா முன்னங்காலை முதல்ல ஊன்றுது. அப்படி எழுந்திருக்கிறது குதிரை. மாடு பின்பக்கத்தைத்தான் முதல்ல தூக்கும். உன் மாணவங்க பார்த்துக் கத்துக்கறதுக்கு முன்னால எனக்கு அனுப்பினது நல்லதாப் போச்சு.

நான் இதைச் செய்யறது மாட்டுக்காக. என் ஜன்னலுக்கு வெளியே மாட்டுக் கொட்டகை. கால் வீங்கி, கட்டுப் போட்டு, நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கிற மாடுகளைப் பார்த்துத்தான் சுவர்ப் படம் வரையிறேன். மாடு தப்பா வரையப்படறதைப் பார்த்தா மனசு கேட்கலை, அவ்வளவுதான். அட்டையில என் பேரு வேண்டாம்.

பழசைக் கலக்க வேண்டாம்னு எழுதிட்டு, அதுக்கு அடுத்த வரியிலயே அப்பாவைப் பத்தி எழுதியிருக்கே.

அம்மா என்னைப் பத்திக் கேட்டாளா? இந்தக் கேள்வியை ரெண்டு தடவை அடிச்சுட்டு மறுபடி எழுதியிருக்கேன்.

தங்கை


பிப்ரவரி 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ திருத்திய தாளைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். நாலே கோட்டில் மாட்டுக்கு எடை வந்துவிட்டது. நேற்று வகுப்பில் அதையே காட்டினேன். யார் வரைந்தது என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்தவர் என்று சொன்னேன்.

அதே வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "சார், இடம் அழகாத்தான் இருக்கு. இதுல எதுக்கு ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தணும்?" ஆள் இல்லாவிட்டால் மரம் எவ்வளவு உயரம், பாதை எவ்வளவு தூரம் என்று தெரியாது என்றேன். தொடுவானக் கோட்டை வைத்து அளக்கும் விதத்தையும் சொன்னேன். நீ நின்று பார்த்தால், சமதரையில் உன் உயரம் உள்ள எல்லோருடைய கண்ணும் அந்தக் கோட்டில்தான் வரும், பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும். உட்கார்ந்து பார்த்தால் கோடு அவர்களுடைய மார்புக்கு இறங்கிவிடும். தூரத்து ஆளுக்கு முகம் போடாதே, நடையை மட்டும் போடு. காலடியில் நிழல் வைக்காவிட்டால் ஆள் மிதப்பான். இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது.

மீதிப் பதினாறு படங்களையும் இத்துடன் அனுப்புகிறேன். ஏழு முதல் பதினாறு வரை அவசரம். பதினேழை நீ பார்க்கவே வேண்டாம், அதில் மாடுகள் தூரத்தில் சின்னதாக இருக்கின்றன. அச்சகத்துக்காரருக்கு அந்தப் படம் பிடித்துவிட்டது, அட்டைக்கே அதைத்தான் போட வேண்டும் என்கிறார். வரிசை விட்டுப் போகக் கூடாதே என்று அதையும் கட்டுக்குள் வைத்தேன்.

அம்மா கேட்டாளா என்று கேட்டிருந்தாய். உன்னிடம் பொய் சொல்ல விருப்பமில்லை. கேட்கவில்லை. "கொஞ்ச நேரம் பொறுத்துப் போயிருக்கலாமே" என்ற ஒரே பேச்சுத்தான் இன்னும். எனக்கும் சில சமயம் அப்படித் தோன்றுவது உண்டு. கோபத்தில் சொல்லவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அண்ணன்


பிப்ரவரி 11

அண்ணாவுக்கு,

கோபத்துல சொல்லலைன்னு எழுதினா குத்தினது குத்தலைன்னு ஆகிடுமா?

இதுவரைக்கும் இதை நான் யார்கிட்டயும் வரிசையாச் சொன்னது இல்லை. எல்லாரும் கத்தினாங்க, நான் அழுதேன், அதோட முடிஞ்சுபோச்சு. இப்ப எழுதறேன். படிச்சுக்கோ.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி, கட்டுப் போட்டுப் பெரியம்மா வீட்ல இருந்தா. அப்பாவோட நான் மட்டும். அந்த வருஷம் அவருக்கு மறதி முத்திப்போய், வீட்டுக்குள்ளயே சமையல்கட்டைத் தேடுவார். வாசல் திறந்திருந்தா கிளம்பிடுவார். வாழ்க்கை முழுக்க அடுத்தவங்க வீட்டுத் தரையில மண்டிபோட்டு ஓடு பதிச்சே வலது முழங்கால் மடங்காமப் போன மனுஷன், வேலைக்கு நேரமாச்சுன்னு கிளம்புவார். வாரத்துல ஒரு நாள் புதன்கிழமை மத்தியானம் நீ வந்து பார்த்துக்கணும்னு பேச்சு. அந்தப் புதன்கிழமை எனக்கு மூணு மணிக்கு இந்த வேலைக்கான நேர்முகத் தேர்வு. ஒரு வாரம் முன்னாடியே உன்கிட்ட சொல்லியிருந்தேன்.

ரெண்டு அஞ்சுக்கு நீ போன் பண்ணே. "பஸ்ல வந்துக்கிட்டே இருக்கேன், பத்து நிமிஷத்துல வீட்ல இருப்பேன், நீ கிளம்பு"ன்னு சொன்னே. நான் கிளம்பலை. ரெண்டு இருபது வரைக்கும் நின்னேன். அப்பா சாப்பிட்டுத் தூங்கிக்கிட்டிருந்தார். உன்கிட்ட வேற சாவி கிடையாது, பூட்டிட்டுப் போனா நீ வெளியேதான் நிக்கணும். அதனால கதவைச் சாத்தி வச்சுட்டு ஓடினேன். தெருமுனை திரும்பும்போது கூட நீ எதிர்ல வர்றியான்னு பார்த்துக்கிட்டே போனேன்.

பஸ் பழுதாகி நின்னுபோச்சு, நாலரைக்குத்தான் வந்தேன்னு நீ சொன்னே. பஸ் பழுதானா நீ என்ன பண்ணுவே. உன்னை யாரும் ஒண்ணும் கேட்கலை. என்னைத்தான் கேட்டாங்க. "வேலை பெருசாப் போச்சா உனக்கு"ன்னு அம்மா கேட்டா. அதுக்கப்புறம் அவ என்கிட்ட வேற எதுவும் பேசலை. அந்த வேலைதான் இப்ப பார்த்துக்கிட்டிருக்கேன்.

ஏழுலேர்ந்து பதினாறு வரைக்கும் திருத்தியாச்சு. திங்கட்கிழமை அனுப்பறேன். ஒன்பதாவது படத்துல நாய் நல்லா வந்திருக்கு, அதைத் தொடலை.

தங்கை


பிப்ரவரி 14

அண்ணாவுக்கு,

பார்க்க வேண்டாம்னு சொன்ன படத்தை இன்னிக்குப் பார்த்தேன்.

நம்ம ஊர் ஏரிக்கரை. மழை விட்டு நின்ன தண்ணி. கரைக்குக் கீழே புல்லுல மாடுங்க. மேலே மதகுக்குப் பக்கத்துல செம்மண் குவிச்சுக் கிடக்கு. அந்த மதகை ஒரே ஒரு தடவைதான் தோண்டினாங்க. திங்கட்கிழமை தோண்டினாங்க, சனிக்கிழமை மூடிட்டாங்க. எனக்கு மறக்காது. வியாழக்கிழமை காலையில மண் வெட்ட வந்தவங்கதான் அந்தக் குழித் தண்ணியில அப்பாவைப் பார்த்தாங்க.

கரை மேல ஒரு ஆள் நடந்து போறார். வெள்ளைச் சட்டை. அரை விரல் நகம் அளவு கூட இல்லை. வலது கால் மடங்காம வெளிப்பக்கமா வீசி வருது.

ஒரு மாடு கொட்டகையிலேர்ந்து நடந்து வந்தா, எந்தக் கால்ல வலி, எந்த மூட்டு மடங்கலைன்னு தூரத்துலேர்ந்தே சொல்றது இப்ப என் பிழைப்பு.

இந்தப் படத்தை எந்த நாள் வரைஞ்சே?


பிப்ரவரி 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் மனதைக் கலக்கிவிட்டது. நீ எந்த நிலையில் அதை எழுதியிருப்பாய் என்று புரிகிறது.

ஒரு படம் ஒரே நாளில் உருவாவதில்லை, உனக்கே தெரியும். அந்தக் காட்சிக்கு வேறு வேறு நாட்களில் எடுத்த குறிப்புகளைச் சேர்த்திருக்கிறேன். செம்மண்ணை அந்த வாரத்தில் எப்போதோ குறித்து வைத்திருக்கலாம். அந்த மனித உருவம் பிறகு சேர்த்தது. இடது பக்கம் வெறுமையாக இருந்தது, சமப்படுத்த ஒரு ஆள் தேவைப்பட்டது. மாணவர்களுக்கும் அதையே சொல்கிறேன், முதலில் இடம், எல்லாம் காய்ந்த பிறகு ஆள். கால் அப்படி அமைந்தது தூரிகையின் தடுமாற்றம். அவ்வளவு சின்ன உருவத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. நாம் தேடுகிறவரைத்தான் நாம் பார்ப்போம்.

உன்னை இது இவ்வளவு பாதிக்கும் என்று தெரிந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன். பதினேழைத் திருப்பி அனுப்பிவிடு. அச்சகத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அண்ணன்


மார்ச் 1

அண்ணாவுக்கு,

இங்கே ஆய்வுக்கூடத்துல பெரிய பூதக்கண்ணாடி இருக்கு. அதுக்கு அடியில வச்சுப் பார்த்தேன்.

சட்டைக்கு நீ வச்ச வெள்ளைச் சாயம் பின்னால இருக்கிற கரையோட பச்சையில கசிஞ்சிருக்கு. முதுகுப் பக்கம் ஓரமே இல்லை, பச்சையும் வெள்ளையும் ஒண்ணாக் கலந்து கிடக்கு. காஞ்ச பச்சை மேல வெள்ளை வச்சா ஓரம் வெட்டினாப்பல நிக்கும். இது ஈரத்துல வச்சது. கரையைத் தீட்டி முடிச்ச ரெண்டு மூணு நிமிஷத்துக்குள்ள வச்சது. பிறகு சேர்த்தது இல்லை.

எனக்கு இதையெல்லாம் முதல்ல சொல்லிக்கொடுத்தது நீதான்.

இன்னும் அனுப்பாம வச்சிருக்கிற படம் எல்லாம் என்கிட்டயே இருக்கட்டும். உண்மையை எழுது, அனுப்பறேன்.


மார்ச் 19

பாப்பா,

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

பஸ் பழுதாகவில்லை. உனக்குப் போன் செய்தபோது நான் பஸ்ஸில்தான் இருந்தேன், அது மட்டும் நிஜம். ஏரிக்கரை நிறுத்தம் வந்தபோது மழை விட்டு வெயில் அடித்தது. கரை முழுக்க ஈரம், அதன் மேல் மஞ்சள் வெளிச்சம். மாடுகள் அப்போதுதான் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. பையில் வரைகிற சாமான் இருந்தது. நம் வீட்டுக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். பத்து நிமிஷம் உட்கார்ந்து குறித்துக்கொண்டு போகலாம், பாப்பா எப்படியும் நான் வரும்வரை இருப்பாள் என்று நினைத்தேன். கிளம்பச் சொன்னதும் நான்தான், இருப்பாய் என்று நினைத்ததும் நான்தான்.

வானம் போட்டேன். கரை போட்டேன். செம்மண் குவியல் நல்ல இடத்தில் வந்து விழுந்தது, அந்தச் சிவப்பு எனக்குப் பிடித்திருந்தது. இடது பக்கம் மட்டும் காலியாக இருந்தது. அங்கே ஒரு ஆள் இருந்தால் தேவலை என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நிமிர்ந்தேன், கரை மேல் ஒரு ஆள் வந்துகொண்டிருந்தார்.

சந்தோஷப்பட்டேன், பாப்பா. இதை மறைக்கக் கூடாது. அந்த ஆள் அந்த இடத்துக்கு வந்ததற்குச் சந்தோஷப்பட்டேன். வெள்ளையில் தூரிகையைத் தொட்டு ஒரு இழுப்பு, கீழே காலுக்குக் கரும்பழுப்பில் இரண்டு, தலைக்கு ஒரு புள்ளி, காலடியில் நிழல். அரை நிமிஷம் ஆகியிருக்காது. யார் என்று பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. எனக்கு அவர் ஒரு வெள்ளைப் புள்ளி.

பிறகு மாடுகளுக்குப் போய்விட்டேன். மாடு எனக்கு வராது என்பதால் அதிலேயே நேரம் போனது. மறுபடி நிமிர்ந்தபோது கரையில் ஆள் இல்லை. மதகுக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போயிருப்பார் என்று நினைத்தேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற தூரமும் இல்லை. இதை எத்தனை தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன் என்று கணக்கே இல்லை.

வீட்டுக்கு வரும்போது நாலரை. கதவு திறந்து கிடந்தது. எதிர்வீட்டு மாமி, "ஏன்பா இவ்வளவு நேரம்?" என்று கேட்டார். வெளிச்சம் நன்றாக இருந்தது, படம் வரைந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பஸ் பழுது என்று சொன்னேன். அப்போது அது சின்னப் பொய். அப்பா பக்கத்துத் தெருவில் எங்காவது இருப்பார், அழைத்து வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மறுநாள் காலை மதகிலிருந்து ஆள் வந்து சொன்ன பிறகு அந்தப் பொய்யைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

அப்போதும் அந்த உருவம் எனக்கு நினைவு வரவில்லை. எல்லாம் முடிந்து நாலாம் நாள், பையைக் காலி செய்தபோது தாள் பலகையிலேயே ஒட்டிக் கிடந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த காகிதப் பட்டையை உரித்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். கால் தெரிந்தது. என் கை அந்த நடையைச் சரியாகப் பார்த்து வைத்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

அன்றைக்குக் கூடத்தில் அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நீ சுவரோரம் நின்றிருந்தாய். நான் படத்தைப் பையில் வைத்து மூடிவிட்டு வெளியே வந்தேன். வந்து எதுவும் சொல்லவில்லை.

பதினேழை அச்சகத்துக்காரர்தான் என் அலமாரியிலிருந்து எடுத்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உனக்கு அனுப்பாமலும் இருந்திருக்கலாம். தனியாக வைத்திருக்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்கும் தகுதி இல்லை என்பதால் கேட்கவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 6

அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்து ரெண்டு வாரம் ஆகுது. முதல் நாள் படிச்சுட்டு வேலைக்குப் போனேன். பாடத்துக்காக வெட்டி வச்ச ஒரு கன்னுக்குட்டிக் குளம்பை வரையணும். மத்தியானம் வரைக்கும் ஒரு கோடு கூடப் போடலை. டைப்பிஸ்ட் அக்கா என்னைக் கூட்டிக்கிட்டுப் போய் டீ வாங்கிக் கொடுத்தா.

நீ தப்புப் பண்ணதை என்னால புரிஞ்சுக்க முடியும். வெளிச்சம் நல்லா இருந்தா நானும் இறங்கியிருப்பேனோ என்னவோ. கரையில போறது யாருன்னு தெரியலை, அதையும் ஒத்துக்கறேன். ஆனா நாலாம் நாள் தெரிஞ்சுபோச்சு இல்லையா? தெரிஞ்ச பிறகு மூணு வருஷம். ரெண்டு மாசம் முன்னாடி கூட, "பொறுத்துப் போயிருக்கலாமேன்னு எனக்கும் தோணும்"னு எழுதினே. அந்த வரியை எப்படி எழுதினே? அதை மட்டும் என்னால தாண்ட முடியலை.

நான் இங்கே எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியாது. ஆபீஸ்ல யாராவது பத்து நிமிஷத்துல வர்றேன்னு சொன்னா, அவங்க வர்ற வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டு நிப்பேன். வரன் ஒண்ணு வந்தது, நல்ல மனுஷன், இங்கேயே மருந்துப் பிரிவுல வேலை. அவங்க அம்மாவுக்கு உடம்பு முடியலை, வீட்ல பார்த்துக்க ஆள் வேணும்னு சொன்னார். என்னை நம்பி யாரையும் விடாதீங்கன்னு சொல்லிட்டேன். அவர் ஏன்னு கேட்டார். இப்ப அவருக்குக் கல்யாணம் ஆகிடுச்சு.

நான் கதவைச் சாத்திட்டுப் போனது நிஜம். என் பங்கு என் பங்குதான், அதை உன் தலையில கட்டிட்டுத் தப்பிச்சுக்க மாட்டேன். ஆனா முழுசும் என்னோடது இல்லை. அது எனக்குத் தெரிய மூணு வருஷம் ஆச்சு.

அம்மாகிட்ட சொல்லு. கடிதத்துல இல்லை, வாயால, எதிர்ல உட்கார்ந்து. நான் கேட்கறது இது ஒண்ணுதான். சொல்லும்போது அந்த வெளிச்சத்தைப் பத்திப் பேசாதே.


ஏப்ரல் 15

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன். நீ சொன்னபடி வெளிச்சத்தைப் பற்றிப் பேசவில்லை. பஸ் பழுதாகவில்லை, வழியில் இறங்கினேன், படம் வரைந்தேன், அப்பா தூரத்தில் நடந்து போனார், நான் பார்க்கவில்லை, பாப்பாவிடம் நான்தான் கிளம்பு என்றேன். இவ்வளவுதான். ஐந்து வாக்கியத்துக்கு மேல் இல்லை.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. கையில் இருந்த புடவையை மடித்து முடித்தாள். பிறகு கேட்டாள்:

"செருப்புப் போட்டிருந்தாரா?"

"தூரம்மா. தெரியலை."

"இத்தனை வருஷமாப் படம் வரையிறே. கால்ல செருப்பு இருந்துச்சா இல்லையான்னு உனக்குத் தெரியலையா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சாப்பாடு எடுத்து வைத்தாள், தட்டைப் பார்த்துக்கொண்டே வைத்தாள்.

திங்கட்கிழமை காலை உன் கவரைக் கேட்டாள். கொடுத்தேன். பின்னால் இருந்த முகவரியை மட்டும் கிழித்து இடுப்பில் சொருகிக்கொண்டு கவரைத் திருப்பிக் கொடுத்தாள். பையில் நாலு புடவையும் கண் மருந்தும் வைத்தாள். நான் கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். நிறுத்தம் வரை பின்னாலேயே போனேன். பையை வாங்கக் கை நீட்டினால் பையை மறுபக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பஸ் புறப்படும்வரை ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவள் வந்து சேர்ந்திருப்பாள். மத்தியானமும் சாயங்காலமும் இடது கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். அவளாக விட்டுக்கொள்வாள், ஆனால் வலது கண்ணுக்கும் சேர்த்து விட்டுவிடுவாள், பார்த்துக்கொள்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. நேற்று வகுப்புக்குப் போகவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 29

அண்ணாவுக்கு,

அம்மா கல்லூரி வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. கைல கிழிஞ்ச காகிதம். காவலாளி வந்து, "உங்களைத் தேடி ஒரு அம்மா வந்திருக்காங்க, பேரு கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க"ன்னு சொன்னார். நான் போனதும் என்னை மேலேயும் கீழேயும் பார்த்தா. "இளைச்சுட்டே"ன்னு மட்டும் சொன்னா.

முதல் ரெண்டு நாள் ரெண்டு பேரும் வீட்டுச் சாமானைப் பத்தித்தான் பேசினோம். இந்தப் பாத்திரம் எங்கே வாங்கினே, தண்ணி எத்தனை மணிக்கு வரும், ஜன்னல் ஏன் சரியா மூடலை. மூணாம் நாள் சாயங்காலம் அவ கண்ணுக்கு மருந்து விட்டுக்கிட்டிருந்தேன். கண்ணை மூடினபடியே கேட்டா:

"அன்னிக்குக் கிளம்பறப்போ நீ சாப்பிட்டியா?"

"இல்லம்மா. நேரம் இல்லை. அப்பாவுக்கு ஊட்டிட்டுக் கிளம்பிட்டேன்."

மருந்து வழிஞ்சுதா, வேற என்னவோ. துடைச்சு விட்டேன். "நான் உன்னை இதையே கேட்டிருக்கணும்"னு சொன்னா. அதோட எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைக்காதே. ராத்திரிச் சாப்பாட்டுல உப்பு இல்லைன்னு திட்டினா. எனக்கு அது நல்லா இருந்தது.

படத்தைக் காட்டினேன். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடியை ஒரு நாள் கேட்டு வாங்கிக்கிட்டு வந்தேன். ரொம்ப நேரம் பார்த்தா. செருப்புத் தெரியலை. நிழலுக்குள்ள பாதம் போயிடுச்சு. "அவருதான்"னா. அப்புறம், "யாரும் கையைப் பிடிச்சு இழுக்காம, தன் இஷ்டத்துக்கு நடக்கறாரு"ன்னா. எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சது. ஆனா அதைச் சொல்லி உன்னைத் தேத்தணும்னு எனக்கு எண்ணம் இல்லை.

மீதிப் பதினஞ்சு படமும் இந்தக் கட்டுல இருக்கு. பதினெட்டுலேர்ந்து எல்லாத்தையும் புதுசாவே போட்டுட்டேன், உன் மாடுகளைக் காப்பாத்த முடியலை. பதினேழு திரும்பி வராது. அதை அம்மா தன் பைக்குள்ள வச்சிருக்கா. அச்சகத்துக்காரர்கிட்ட வேற காரணம் எதுவும் சொல்லாதே. அது எங்கப்பா படம், கொடுக்க முடியாதுன்னு சொல்லிடு.

அம்மா இனிமே இங்கேதான் இருப்பா. உன் துணி எல்லாம் யார் துவைக்கறாங்க, சாப்பாட்டுக்கு என்ன பண்றேன்னு கவலைப்படறா. உன்னைப் பார்க்கணும்னு நேத்து சொன்னா. சொன்னது அவ, நான் இல்லை.

வியாழக்கிழமை எனக்குக் காலையிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் வேலை. நீ மத்தியான பஸ்ல வா. அம்மா சமைச்சு வச்சிருப்பா. சாப்பிட்டுட்டு, அவளோட இருந்துட்டு, அஞ்சு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிடு. நான் வரும்போது நீ அங்கே இருக்க வேண்டாம்.

இந்தத் தடவை வேண்டாம்.

பாப்பா